அச்சில் செய்ததை வலையில் செய்ய முடியாதா?

கடிதத்தின் சுருக்கம்

இம்முறை எடுத்துக்கொண்ட கடிதம் கொங்கு வட்டாரத்துப் பக்க வடிவமைப்பாளர் ஒருவர் எழுதியது. பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். இதழை இனங்காட்டக்கூடிய விவரங்களையும் நான் மாற்றியிருக்கிறேன். பேஜ்மேக்கர் மென்பொருளின் காலத்திலிருந்து இன்டிசைன் மென்பொருளின் காலம் வரை அச்சு இதழ்களுக்குப் பக்கம் அமைத்துப் பழகியவர். ஒரு சிறிய இலக்கிய மாத இதழ் தன் இணையப் பதிப்பின் வடிவமைப்பை அண்மையில் இவரிடம் ஒப்படைத்திருக்கிறது. தளத்தைக் கட்டித் தருபவர் வேறொரு இளைஞர்.

இவர் அச்சு இதழின் அழகு குறையாமல் பத்துப் பன்னிரண்டு பக்கங்களை வரைந்து கொடுத்தார். ஓவியர் கைப்பட எழுதிய கதைத் தலைப்புகள், இருபுறமும் சீராக முடியும் மூன்று பத்தி அமைப்பு, கதையின் முதலெழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது, பக்கம் முழுவதும் விரியும் ஓவியம், எண்கள் ஏறி இறங்கும் முறையில் பாடும் எழுகூற்றிருக்கை வகைக் கவிதை ஒன்றைத் தேர் வடிவில் அடுக்கியது ஆகியவை அவற்றில் இருந்தன. டெவலப்பர் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் “முடியாது” என்று சொல்லி, விலைக்குக் கிடைக்கும் ஓர் ஆங்கில வார்ப்புருவைக் காட்டி, இதில் தமிழை நிரப்பிவிடலாம் என்கிறார். இதழாசிரியரோ, அச்சில் உள்ளபடியே வராவிட்டால் கடைசித் தவணையைத் தர இயலாது என்கிறார்.

கடிதத்தின் இறுதியில் நான்கு கேள்விகள் உள்ளன. தலைப்புகளையும் கவிதைகளையும் படமாக மாற்றிப் போட்டுவிடலாமா? பழைய பாமினி எழுத்துருவை அப்படியே வலையில் ஏற்றலாமா? ஆசிரியரிடம் என்ன சொல்வது? “தொழில்நுட்பம்தான் வடிவத்தைத் தீர்மானிக்கும் என்றால் என்னைப் போன்றவர்களுக்கு இங்கே என்ன வேலை?” என்பது நான்காவது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் விட்டுவந்த இடமும் கட்டற்றதல்ல

உங்கள் கடிதம் முழுவதிலும் ஓர் எண்ணம் ஊடாடுகிறது. அச்சில் நினைத்ததைச் செய்ய முடிந்தது, வலையில் கைகள் கட்டப்பட்டுவிட்டன என்பது அது. உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த ஒப்பீட்டைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். ஒரே தாளில் அச்சாகும் பதினாறு பக்கப் பாரத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகக் கதையின் கடைசிப் பத்தியில் நான்கு வரிகளை வெட்டச் சொல்லி ஆசிரியர் முன் நின்றிருப்பீர்கள். நடுப்பாரத்துக்கு மட்டுமே நான்கு வண்ணம் என்றிருந்த இதழில் ஓவியம் மிகுந்த கதை எது என்று பார்த்து அதை நடுவுக்கு நகர்த்தியிருப்பீர்கள். மலிவான தாளில் கறுப்புப் பின்னணியில் மெல்லிய வெள்ளை எழுத்து வைத்தால் மை பரவி ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுப்போகும் என்று தெரிந்து, அந்த இடத்தில் தடித்த எழுத்தைப் பயன்படுத்தியிருப்பீர்கள். இவை யாவும் தொழில்நுட்பக் கட்டுப்பாடுகளே. பழகிப் போனதால் அவற்றை உங்கள் ரசனையின் பகுதியாகவே எண்ணத் தொடங்கிவிட்டீர்கள்.

நாம் எழுதும் எழுத்தின் உருவமே இதற்கு விலக்கல்ல. 1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்று ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளின் வடிவத்தை மற்ற எழுத்துகளோடு ஒத்துப்போகும்படி மாற்றியது. கற்பதற்கு எளிமை என்பதோடு, அச்சுக்கோப்பிலும் தட்டச்சிலும் தனி வடிவங்களுக்கான சுமை குறையும் என்பதும் அதற்கு ஆதரவாகச் சொல்லப்பட்டது. பழைய ‘லை’யின் தும்பிக்கை வளைவை இன்றும் விரும்புகிறவர்கள் உண்டு, நானும் அவர்களில் ஒருவன். எனினும் புதிய ‘லை’யை வைத்து உங்கள் தலைமுறை அழகான பக்கங்களைச் செய்தது என்பதையும் மறுக்க மாட்டேன்.

இதைச் சொல்வதால், கட்டுப்பாடு இருந்தால்தான் கலை பிறக்கும் என்று கருத்தரங்குகளில் பேசுகிறவர்களின் கட்சியில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். வலையின் முப்பது ஆண்டு வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1991-இல் செர்ன் ஆய்வகத்திலிருந்து டிம் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட வலைப்பக்கத்தில் எழுத்தும் இணைப்புகளும் மட்டுமே இருந்தன. பக்க அமைப்பு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. அடுத்த சில ஆண்டுகளில் வடிவமைப்பாளர்கள் வந்து சேர்ந்தபோது கையில் கிடைத்ததை வைத்துச் சமாளித்தார்கள். புள்ளிவிவரம் காட்டுவதற்கென இருந்த அட்டவணைக் குறிகளைப் பக்கத்தைப் பத்திகளாகப் பிரிக்கப் பயன்படுத்தினார்கள். ஒரே ஒரு பிக்சல் அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஜிஃப் படத்தை இழுத்து நீட்டி வெற்றிடம் உண்டாக்கினார்கள். பெட்டியின் முனை வளைந்திருக்க வேண்டுமென்றால் நான்கு மூலைக்கும் நான்கு படம் வெட்டி ஒட்டினார்கள். வளைந்த முனை அக்காலத்தில் அவ்வளவு நாகரிகமாகக் கருதப்பட்டதற்கு, அதைச் செய்வது கடினமாக இருந்ததும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். இன்று அது, வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி.

அந்நாளைய கணினித் திரைகள் பல 256 நிறங்களையே காட்டின. எல்லா இயங்குதளங்களிலும் ஒன்றுபோலத் தெரியும் என்று நம்பக்கூடியவை அவற்றில் 216 மட்டுமே. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஆறு படிகள் என்ற கணக்கில் உருவான அந்த நிறத்தட்டில் மென்மையான சந்தன நிறமோ வெளிறிய ஓலை நிறமோ தேடினால் கிடைக்காது. அதனால் விளைந்த பளீர் நிறப் பக்கங்களை இன்று ஏக்கத்தோடு நினைவுகூர்கிறவர்கள் உண்டு என்றாலும், அவற்றில் பெரும்பாலானவை கண்ணை உறுத்தியவை.

அதே காலத்தில் நடந்த வேறொன்றையும் பாருங்கள். மைக்ரோசாஃப்டுக்காக மேத்யூ கார்ட்டர் வடிவமைத்து 1996-இல் வெளிவந்த வெர்டானா எழுத்துரு, குறைந்த பிக்சல்கள் கொண்ட திரையில் சிறிய அளவிலும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பதை முதல் விதியாகக் கொண்டது. அவர் முதலில் பிக்சல் கட்டங்களில் எழுத்துகளைத் தீர்மானித்துவிட்டுப் பிறகே அவற்றுக்குக் கோட்டுருவம் கொடுத்தார். அதனால்தான் அதன் எழுத்துகள் அகலமாகவும், உள்வெளிகள் திறந்தும், ஒன்றோடொன்று ஒட்டாமலும் இருக்கின்றன. கட்டுப்பாடு கார்ட்டருக்கும் அந்தப் பக்கங்களைச் செய்தவர்களுக்கும் ஒன்றே. எழுத்தை நன்கு அறிந்த ஒருவர் அதை எதிர்கொண்டபோது நல்ல எழுத்துரு கிடைத்தது. அவசரத்தில் எதிர்கொண்டவர்களிடமிருந்து ஒட்டுப்போட்ட பக்கங்கள் கிடைத்தன. உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டீர்கள். தமிழ் எழுத்து ஒரு வரியில் எவ்வளவு இடம் கேட்கும் என்பதை அறிந்தவர் உங்கள் குழுவில் நீங்கள் ஒருவர்தான்.

மறுப்புகளைப் பிரித்துப் பாருங்கள்

டெவலப்பர் மறுத்தவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். அதைப் பிரிக்க வேண்டும். சில மறுப்புகளுக்குக் காரணம் படிப்பவரின் கைப்பேசியும் தமிழ்ச் சொற்களின் நீளமும். இவை நாளைக்கும் மாறாது. சில உலாவிகளின் இன்றைய நிலையால் வருபவை. ஓரிரு ஆண்டுகளில் மாறலாம். சில பணத்தால் வருபவை. சிலவற்றில், அவருக்கு அதைச் செய்து பழக்கமில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. முதல் வகைக்கு உங்கள் வடிவமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள்; கடைசி வகைக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். இடையில் உள்ளவற்றைப் பேரம் பேசலாம்.

இருபுறமும் சீராக முடியும் பத்திகளில் டெவலப்பர் சொல்வதே சரி. 360 பிக்சல் அகலக் கைப்பேசியில் இரண்டு ஓரங்களிலும் 16 பிக்சல் வீதம் விட்டால் மிஞ்சுவது 328. படிக்க வசதியான அளவில் எழுத்தை வைத்தால் ஒரு வரியில் மூன்று நான்கு சொற்களுக்கு மேல் அடங்காது. ‘எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது’ என்ற ஒரு சொல்லில் மட்டும் 17 எழுத்துகள்! அது அடுத்த வரிக்குத் தாவினால் முந்தைய வரியில் இரண்டே சொற்கள் மிஞ்சி, அவற்றுக்கு நடுவே பெரிய ஓட்டை விழும். அச்சில் நீங்கள் இப்படிப்பட்ட இடங்களைக் கையால் உடைத்தும் இழுத்தும் சரிசெய்தீர்கள்; வலையில் வரி எங்கே முடியும் என்பதைப் படிப்பவரின் திரையும் அவர் வைத்திருக்கும் எழுத்தளவும் தீர்மானிக்கின்றன. சொல்லைத் தானாக உடைக்கும் வசதி சிஎஸ்எஸ்ஸில் உண்டு. ஆனால் தமிழுக்கு அது எல்லா உலாவிகளிலும் ஒரே மாதிரி நடக்கும் என்று நம்பி வடிவமைக்கக் கூடாது. எனவே இடப்புறம் மட்டும் சீராக விடுங்கள். வலப்புறம் ஏறி இறங்கும் அந்த விளிம்பு தமிழில் ஆங்கிலத்தைவிடக் கூடுதலாகவே தெரியும். அதற்கு ஈடாக வலப்புற ஓரத்தில் ஓவியமோ கோடோ வைக்காமல் வெறுமையாக விடுவது நல்லது. மூன்று பத்தி அமைப்பு அகலமான திரையிலும் வேண்டாம். கீழே உருட்டிக்கொண்டே போய் முடிந்ததும் மீண்டும் மேலே வந்து அடுத்த பத்தியைத் தொடர வைப்பது படிப்பவரை வாட்டுவதாகும்.

முழுப்பக்க ஓவியம் முடியாது என்பதற்குக் காரணம் நான்கு மெகாபைட் கோப்பு. இது பணமும் பழக்கமும் கலந்த மறுப்பு. 2,000 சொற்கள் கொண்ட சிறுகதை 100 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும்; அதன் மேல் நாற்பது மடங்கு எடையுள்ள படத்தை ஏற்றினால் ஊர்ப்புறத்து இணைப்பில் கதை தெரிவதற்குள் ஆள் போய்விடுவார். ஆனால் அதே ஓவியத்தை வெப்பி என்ற பட வடிவத்தில் சுருக்கி, திரையின் அகலத்துக்கு ஏற்ப மூன்று அளவுகளில் வைத்தால் எடை பெருமளவு குறையும். கைப்பேசிக்கு வேறொரு வெட்டு, கணினிக்கு வேறொரு வெட்டு என்று தனித்தனியாகக் கொடுக்கவும் வலைப்பக்கக் குறிமொழியான எச்டிஎம்எல்லில் வழி இருக்கிறது. எந்தப் பகுதியை வெட்டுவது என்பது உங்கள் வேலை, ஓவியரைக் கேட்டுச் செய்யுங்கள். குறுகிய திரைக்கு முகத்தை மட்டும் நெருங்கி எடுத்தால் சில ஓவியங்கள் மேலும் நன்றாக இருக்கும். சில கெட்டுப்போகும், அவற்றுக்கு வேறு ஓவியம் கேட்க வேண்டும்.

முதலெழுத்தைப் பெரிதாக்குவது உலாவியைச் சார்ந்தது. ‘அ’வில் தொடங்கும் கதைக்கு அது அழகாக வரும். ‘கொ’ என்று தொடங்கினால் மூன்று உருவங்கள் சேர்ந்து பத்தியின் பாதி அகலத்தை விழுங்கும். ‘க்ஷ’ என்று தொடங்கினால் நிலைமை இன்னும் மோசம்: எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடின் எழுத்துக்கொத்து விதி அதை க், ஷ என இரண்டாகவே எண்ணுவதால், பெரிதாக்கும் கட்டளை கூட்டெழுத்தை உடைத்து முதல் பாதியை மட்டும் பெரிதாக்கக்கூடும். எல்லாக் கதையும் ‘அ’வில் தொடங்க வேண்டும் என்று எழுத்தாளர்களிடம் கேட்க முடியாது. கதையின் முதல் இரண்டு மூன்று சொற்களைத் தடித்த எழுத்தில், இதழின் அடையாள நிறத்தில் தொடங்கிப் பாருங்கள். உலாவி எதுவானாலும் உடையாது.

ஓவியரின் கையெழுத்துத் தலைப்புகளை நீக்கச் சொன்னதில் டெவலப்பரை நான் ஏற்கவில்லை. அவற்றை எஸ்விஜி கோட்டுருவமாக மாற்றினால் எந்த அளவிலும் மங்காது, எடையும் குறைவு. தலைப்புக் குறிக்குள் அந்த உருவத்தை வைத்து, அதன் மாற்று உரையாகத் தலைப்பை யூனிகோடு எழுத்தில் கொடுத்தால் தேடுபொறிக்கும், பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானுக்கும் அது தலைப்பாகவே தெரியும். இதில் ஓர் எல்லை வேண்டும். கதைக்கு ஓவியர் எழுதிய தலைப்பு ஒரு படைப்பு, அது படமாக இருப்பதில் தவறில்லை. உள்தலைப்பு, பகுதிப் பெயர், ஆசிரியர் பெயர் இவற்றைப் படமாக்குவது சோம்பல்.

ஆங்கில வார்ப்புரு பற்றி

வார்ப்புரு வாங்குவதில் தவறில்லை. சிறிய இதழின் பணத்தை அது மிச்சப்படுத்தும். ஆனால் அது அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டை, பிரித்துத் தைக்காமல் தமிழுக்குப் பொருந்தாது. நீங்கள் அனுப்பிய மாதிரிப் படத்தைப் பாருங்கள். அந்த வார்ப்புருவில் பகுதிப் பெயர்கள் சிறிய அளவில், ஆங்கிலத் தலையெழுத்துகளில் (கேப்பிட்டல் எழுத்துகளில்), எழுத்துகளுக்கிடையே இடைவெளி விட்டு அமைந்திருக்கின்றன. மேற்கோள்கள் சாய்வெழுத்தில் வருகின்றன. எது முக்கியம், எது துணை என்பதை அந்தப் பக்கம் இந்த இரண்டு உத்திகளால்தான் உணர்த்துகிறது. தமிழில் தலையெழுத்தும் இல்லை, சாய்வெழுத்து மரபும் இல்லை. தமிழை நிரப்பியதும் எல்லாம் ஒரே குரலில் பேசுவதாக உங்களுக்குத் தோன்றியதன் காரணம் அதுதான். உலாவி தானாகச் சாய்த்துக் காட்டும் தமிழ் எழுத்து, சரிந்து விழப்போவது போலத் தெரியும். அதை அணைத்துவிடச் சொல்லுங்கள்.

அதற்குப் பதிலாக எடை, அளவு, நிறம், மெல்லிய கோடு, வெற்றிடம் ஆகியவற்றால் படிநிலையை உண்டாக்க வேண்டும். தமிழ் அச்சு இதழ்கள் நெடுங்காலமாகச் செய்துவருவதும் இதைத்தான். இந்தத் திறமை உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

வரியிடைவெளியையும் கட்டாயம் மாற்றச் சொல்லுங்கள். ஆங்கிலத் தலைப்புகளுக்கு எழுத்தளவின் 1.1 அல்லது 1.2 மடங்கு போதும். தமிழில் மேலே கி, கீயின் வளைவும் மெய்யின் புள்ளியும் எழும்பி நிற்க, கீழே மு, று, ஞூ இறங்கித் தொங்குகின்றன. அந்த நெருக்கத்தில் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். தலைப்புக்கு 1.4, கதைக்கு 1.7 என்று தொடங்கிக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள். உயரம் நிர்ணயிக்கப்பட்ட பொத்தான்களில் ‘ி’ தலை வெட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள். வெளிர் சந்தனப் பின்னணியில் சாம்பல் எழுத்து வேண்டாம். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி வெளியிட்ட அணுகல் நெறிமுறை சாதாரண எழுத்துக்குக் கேட்கும் 4.5-க்கு 1 என்ற ஒளிவேறுபாட்டை உங்கள் மாதிரி எட்டவில்லை.

பாமினிக் கோப்புகளும் எழுத்துரு உரிமையும்

பாமினியை அப்படியே ஏற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான பதில். அந்த எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் உருவங்கள் அமர்ந்திருக்கின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்து வரிசை. தேடினால் கிடைக்காது, நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டினால் குப்பையாக வரும், பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பான் அதை ஆங்கில உளறலாக ஒலிக்கும். 1990களில் இதற்கு மாற்று குறைவு. அக்காலத் தமிழ்த் தளங்கள் பல, படிக்கும் முன் எங்கள் எழுத்துருவைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள் என்று முகப்பிலேயே கேட்டன. சில, தலைப்புகளை முழுக்கப் படமாகவே வைத்தன. டிஸ்கி போன்ற பொதுக் குறியீடுகள் உருவானதும், 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு தாம், தாப் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றதும் அந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான். யூனிகோடு பரவியபின் அந்தக் காரணம் மறைந்துவிட்டது. தடை போன பிறகும் தடைக்காக உண்டான பழக்கத்தைத் தூக்கிச் சுமக்கக் கூடாது. ஓவியர் எழுதிய கதைத் தலைப்பைத் தவிர, மற்றத் தலைப்புகளையும் கவிதையையும் படமாக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கும் இதுவே விடை.

பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் கட்டுரையின் இடையே வரும் ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழென எண்ணி மாற்றிவிடும். மேற்கோள் குறிகளும் இடம் மாறலாம். எனவே மெய்ப்புப் பார்க்காமல் எதையும் ஏற்றாதீர்கள்.

உங்களுக்குப் பிடித்த அச்சு எழுத்துருவை யாரிடமாவது கொடுத்து யூனிகோடாக மாற்றி வாங்கிவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் சட்டச் சிக்கல் இருக்கிறது. கணினியில் நிறுவி அச்சுக்குப் பயன்படுத்த வாங்கிய உரிமம், வலையில் பரப்பவும் கோப்பை மாற்றியமைக்கவும் தானாக உரிமை தந்துவிடாது. உரிமத்தை எடுத்துப் படியுங்கள். தெளிவில்லை என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அதுவரை, திறந்த உரிமத்தில் கிடைக்கும் அனெக் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், நோட்டோ செரிஃப் தமிழ் ஆகியவற்றை வைத்து வேலையைத் தொடங்கலாம். அனெக் தமிழில் எடையோடு அகலத்தையும் ஒரே கோப்பிலிருந்து கூட்டிக் குறைக்கலாம் என்பதால், நீளமான தலைப்பு குறுகிய திரையில் மூன்றாம் வரிக்குப் போகும் தொல்லையை ஓரளவு அடக்க முடியும். கதையின் உடலுக்கு என்றால் நான் நோட்டோ செரிஃபையே முதலில் வைத்துப் பார்ப்பேன்.

தேர்ப் பக்கம்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. திருஞானசம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் பாடிய எழுகூற்றிருக்கை வகையில் இன்றைய கவிஞர் ஒருவர் எழுதியதை, எண்கள் ஒன்றிலிருந்து ஏழு வரை ஏறி இறங்கும் முறைப்படி தேராக அடுக்கியிருக்கிறீர்கள். டெவலப்பர் இதைப் படமாகப் போடச் சொல்கிறார், நீங்களும் ஏறத்தாழச் சம்மதித்துவிட்டீர்கள். அவசரப்படாதீர்கள்.

கட்டங்களாகப் பக்கத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் கிரிட் வசதி 2017 மார்ச் மாதத்திலேயே குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் வந்துவிட்டது. அதில் கவிதையை மூலக் குறியில் கவிதையின் வரிசையிலேயே எழுதிவிட்டு, ஒவ்வொரு சொற்றொடரையும் தேரின் எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்பதை மட்டும் தனியே சொல்லலாம். கண் தேரைப் பார்க்கும், திரைவாசிப்பான் கவிதையைப் படிக்கும். கணினித் திரையில் உங்கள் அச்சுப் பக்கத்துக்கு மிக அருகில் இது வரும்.

கைப்பேசியில்தான் உண்மையான தடை. ஏழு வரை ஏறி இறங்கும் வரியில் 13 கட்டங்கள். 328 பிக்சலை 13 ஆல் வகுத்தால் ஒரு கட்டத்துக்கு 25 பிக்சல். அதில் ‘ஒருமுறை’ என்ற சொல்கூட அடங்காது. மொத்தத்தையும் சுருக்கினால் எழுத்து எறும்பாகிவிடும். பக்கவாட்டில் உருட்ட விட்டால் தேரின் முழு உருவம் ஒருபோதும் ஒரே பார்வையில் தெரியாது. நான் சொல்லும் வழி இது: கைப்பேசியில் தேரின் கட்டங்களில் எண்களை மட்டும் வையுங்கள், ௧, ௨, ௩ எனத் தமிழ் எண்களாகவே. 25 பிக்சலில் அவை தாராளமாக அமரும். தேரின் கீழே கவிதை வழக்கமான வரிகளாக ஓடட்டும். எண்ணுப் பொருள் தரும் சொற்கள் மட்டும் நிறம் மாறித் தெரியட்டும். தேரில் ஒரு வரிசையைத் தொட்டால் கவிதையில் அந்த வரி துலங்கும்படி செய்வது டெவலப்பருக்குப் பெரிய வேலையல்ல. இவ்வகைக் கவிதையில் எண்கள் சொற்களுக்குள் ஒளிந்திருப்பதால், புதிதாகப் படிப்பவருக்கு அச்சுப் பக்கத்தைவிட இந்தச் சிறு திரையில் அமைப்பு எளிதாகப் பிடிபடும் என்பது என் கணிப்பு. கவிஞரிடம் காட்டி அவருடைய சம்மதத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். பிரித்துக் காட்டுவதை அவர் விரும்பாமலும் போகலாம், அந்த முடிவு அவருடையது.

ஆசிரியரிடம் என்ன சொல்வது

“அச்சில் உள்ளபடியே” என்பது நிறைவேற்ற முடியாத நிபந்தனை. யாருடைய திரையில் உள்ளபடி என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. ஒரே பக்கம் திரையின் அகலத்துக்கேற்ப மாறி அமைய வேண்டும் என்ற அணுகுமுறையை ஈதன் மார்காட் 2010-இல் முன்வைத்ததிலிருந்து, இத்தொழிலில் இருப்பவர்கள் இதைப் பொதுவாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனால் ஆசிரியரிடம் இந்த வரலாற்றைச் சொல்லிப் பயனில்லை. அவர் அஞ்சுவது இதழின் முகம் தொலைந்துவிடுமோ என்றுதான், அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. எனவே அவரோடு உட்கார்ந்து, இந்த இதழ் என்று வாசகர் எதைப் பார்த்து அறிகிறார் என்று கேளுங்கள். ஓவியரின் தலைப்பு, அடையாள நிறம், கதைக்கு முன் விடும் வெற்றிடம் என்று நான்கைந்து வரும். அவற்றை எல்லாத் திரையிலும் காப்பாற்றுவதாக உறுதி கொடுங்கள். மற்றவை மாறும் என்பதையும் அதே அமர்வில் சொல்லிவிடுங்கள்.

பேச்சோடு விடாமல் எழுத்திலும் வையுங்கள். 360, 768, 1280 பிக்சல் அகலங்களில் மூன்று மாதிரிப் பக்கங்கள், எந்த உலாவிகளில் சோதிக்கப்படும், ஒரு பக்கத்தின் எடை எவ்வளவுக்குள் இருக்கும், எத்தனை முறை திருத்தம் செய்து தரப்படும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கடைசித் தவணை இந்தத் தாளில் உள்ளவை நிறைவேறியதும் தரப்படும் என்று இருக்கட்டும். இதற்கும் அவர் உடன்படவில்லை என்றால் மேற்கொண்டு பக்கங்களை முடித்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, உங்கள் முதல் ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நான் வடிவமைப்புத் தொழிலைச் சேர்ந்தவன், அந்த ஆலோசனை என்னிடமிருந்து வருவது சரியாகாது.

மாதிரிகளை ஆசிரியரிடம் காட்டும்போது உங்கள் மடிக்கணினியில் காட்டாதீர்கள். அவருடைய சொந்தக் கைப்பேசியில், அவர் வழக்கமாக வைத்திருக்கும் பெரிய எழுத்தளவில் திறந்து காட்டுங்கள். கையெழுத்தாகும் தாளில் இன்னொரு வரியையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்: பழைய இதழ்களின் பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி மெய்ப்புப் பார்ப்பது தனி வேலை, அதற்குக் கட்டணமும் தனி.